பிள்ளைகளின் அம்புக்குறிக்குப் பூட்டுப் போட வேண்டாம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வாசிக்காமல் திட்ட வேண்டாம்.

எமது பாடசாலைக் கணினி ஆய்வுகூடம் பற்றி இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. தரம் 8 மாணவர் ஒருவரின் கணினித் திரை. அதில் வழமையான அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மீன். படத்துக்குக் கீழே ஒரு வாப்பா எழுதியிருந்தார்: "புள்ளைகள் லேப்புக்குப் போய் இதுதான் படிக்கிறாங்களா சேர்?" அதற்குக் கீழே இருபது முப்பது சிரிப்பு முகங்கள். பிறகு பேச்சு வளர்ந்து, கணினிகளின் 'செட்டிங்ஸ்' எல்லாவற்றையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட வேண்டும், எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற யோசனை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரப்போகிறது.

அந்த யோசனை வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. அம்புக்குறியை மாற்றும் உரிமை பிள்ளைகளிடம் இருக்கட்டும். அது மட்டுமல்ல, அதைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் இந்தக் கணினிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகூடத்தில் இருப்பவை பழைய மாணவர்கள் அன்போடு தந்த, ஏற்கெனவே அலுவலகங்களில் பாவித்த கணினிகள். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பெட்டிகளில் முறைப்படி ஏறாது, அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய புரொசஸரும் இவற்றில் இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட், அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எப்சிஈ பதிப்பு போடப்பட்டது. காசு கொடுக்கத் தேவையில்லை. எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ், வரைவதற்கு கிம்ப், எல்லாம் அதிலேயே கிடைக்கிறது. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை என்று நினைக்கிறோம். மனக்குறை அந்த மீனில்தான்.

சரி, மீனுக்கு வருவோம். ஆனால் அதற்கு முன் கண்ணைப் பற்றிப் பேச வேண்டும். இந்த விடயம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

வகுப்பில் ஒரு மாணவி. பெயர் தேவையில்லை. கணினிப் பாடத்தில் கவனமில்லாத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தாள். "இதைக் கிளிக் பண்ணுங்க" என்றால் மற்றவர்கள் முடித்த பிறகும் அவள் மவுஸை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். உண்மை என்னவென்றால் அவளுக்கு அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றி ஆட்டினால்தான் அசைவது கண்ணில் படும். நின்றுவிட்டால் தொலைந்துவிடும். அம்புக்குறியின் அளவை இரு மடங்காக்கி, வெள்ளை நிறத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்த அன்றைக்கு அவள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வேலையை முடித்தாள். பிறகு கண் பரிசோதனைக்கும் அனுப்பினோம், இப்போது கண்ணாடி போடுகிறாள். (பெரிய அம்புக்குறி கண்ணாடிக்குப் பதிலாகாது, பெற்றோர்கள் இதை மறக்க வேண்டாம்.) கண்ணாடி வந்த பிறகும் அந்தப் பெரிய கறுப்பு அம்புக்குறியை அவள் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பூட்டினால் முதலில் அடிபடுவது இவளைப் போன்றவர்கள்தான்.

இது ஒரு பிள்ளையின் பிரச்சினை மட்டுமல்ல. கணக்குப் பார்ப்போம். லினக்ஸில் அம்புக்குறிக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் அளவு 24. அதாவது 24 புள்ளிகள். எமது ஆய்வுகூடத்திலுள்ள பழைய 19 அங்குலச் சதுரத் திரைகளில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.29 மில்லிமீற்றர். அப்படியென்றால் 24 புள்ளி சுமார் 7 மில்லிமீற்றர். அதே 24 ஐ இன்று கடைகளில் விற்கும் 15.6 அங்குல மடிக்கணினியில், முழு எச்டி திரையில் வைத்தால் சுமார் 4.3 மில்லிமீற்றர்தான். இது அம்புக்குறிக்கு ஒதுக்கப்பட்ட பெட்டியின் அளவு, உள்ளே இருக்கும் அம்பு அதைவிடவும் சின்னது. திரைகள் கூர்மையாகக் கூர்மையாக அம்பு சிறுத்துக்கொண்டே போகிறது.

இனி புரொஜெக்டருக்கு வாருங்கள். சுவரில் விழும் படம் 2 மீற்றர் அகலம், 1024 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். 24 புள்ளி 47 மில்லிமீற்றர் வருகிறது. பெரிதாகத்தானே இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் கடைசி வாங்கு 8 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. தன் கணினியின் முன் அரை மீற்றரில் இருந்து பார்க்கும் பிள்ளைக்கு 7 மில்லிமீற்றர் தெரிவது போல, 8 மீற்றரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமானால் சுவரில் அது 112 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இருப்பதோ 47. அரைவாசி கூட இல்லை. ஆசிரியர் "இங்கே பாருங்கள்" என்று அம்புக்குறியால் காட்டுவதைப் பின் வாங்குப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை, முன்னால் இருப்பவன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஆசிரியரின் கணினியில் அளவை 64 ஆக்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஒரு சதம் செலவில்லை.

அளவு மட்டும் போதாது, தீமும் முக்கியம். தீம் என்றால் அம்புக்குறி, கை, சுழலும் வட்டம், எழுத்துக்கு நடுவே வரும் கோடு, ஓரத்தை இழுக்கும் இரட்டை அம்பு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் இவற்றின் தடிப்பு, நிறம், விளிம்பு வேறு வேறு. எமது வகுப்பில் அதிகம் தொலைவது அம்பு அல்ல, அந்தக் கோடுதான். லிப்ரே ஒபிஸில் எழுத்துகளின் மேல் மவுஸைக் கொண்டு போனதும் அம்பு ஆங்கில 'ஐ' வடிவத்தில் ஒரு மெல்லிய கோடாக மாறுகிறது. வெள்ளைத் தாள், யன்னலால் வெயில், பழைய புரொஜெக்டர். கோடு போயே போய்விட்டது. சில தீம்களில் இந்தக் கோடு தடித்ததாக, வெள்ளை விளிம்போடு வரும். 'பிபாட்டா' என்ற தீமை நாம் விரும்புவது இதற்காகத்தான். 'டிஎம்இசட்' என்ற பழைய தீமில் வெள்ளை, கறுப்பு என இரண்டு வகை உண்டு, வெள்ளைத் தாளில் வேலை செய்வோர் கறுப்பை எடுக்கலாம். டெபியன் லினக்ஸில் 'பிக் கேர்சர்' என்ற பெயரிலேயே பெரிய அம்புக்குறிகளின் பொதி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதை உணர்ந்துதான் இருக்கின்றன. மவுஸை வேகமாக ஆட்டினால் அம்புக்குறி தானாகப் பெரிதாகும் வசதியை அப்பிள் 2015 இல் கொண்டுவந்தது. லினக்ஸில் கேடிஈ பிளாஸ்மா 6.1 அதை 2024 இல் கொண்டுவந்தது. க்னோமில் கொன்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பு நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டம் தோன்றுமாறு வைக்கலாம்.

இடக்கைப் பிள்ளைகளை மறந்துவிட்டோமே. மவுஸை இடப்பக்கம் வைத்துப் பாவிக்கும் பிள்ளைக்கு அம்பு வலப்பக்கம் சாய்ந்து இருந்தால் கை போகும் திசையும் அம்பின் திசையும் ஒன்றாக இருக்கும். பிபாட்டாவில் அப்படி வலப்பக்கம் சாய்ந்த வகையும் உண்டு. ஒரு பிள்ளைக்கு அதைப் போட்டுக் கொடுத்தபோது "இது எனக்கெண்டே செஞ்சதா சேர்?" என்று கேட்டான்.

வயது நாற்பது தாண்டிய எமது சக ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். ஆசிரியர் அறையில் மவுஸைத் தேடுவது பிள்ளைகள் மட்டுமல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மாற்றுவது கஷ்டமா என்றால், இல்லை. எக்ஸ்எப்சிஈயில் செட்டிங்ஸுக்குள் 'மவுஸ் அன்ட் டச்பேட்', அதற்குள் 'தீம்' என்ற பக்கம். அங்கே இருக்கும் தீம்களின் படங்கள் வரிசையாகத் தெரியும், பக்கத்திலேயே அளவு. ஒன்றைக் கிளிக் செய்தால் உடனே மாறும். சில மென்பொருள்கள் மட்டும் மூடித் திறக்கும் வரை, அல்லது வெளியேறி மறுபடி உள்நுழையும் வரை பழைய அம்பையே காட்டும். ஒரு விடயம் கவனிக்க: தீமுக்குள் படங்கள் குறிப்பிட்ட அளவுகளில்தான் வரைந்து வைக்கப்பட்டிருக்கும். 24, 32, 48, 64 என்று இருந்தால், நீங்கள் 40 கேட்டாலும் கிட்ட உள்ளதையே தரும். "நான் கூட்டிப் பார்த்தன், பெரிசாகல்ல" என்று வருபவர்களின் கதை அநேகமாக இதுதான்.

இனித்தான் அந்த மீன்.

அந்த மாணவர் மீனை இணையத்திலிருந்து எடுக்கவில்லை, தானே வரைந்தார். இதைத்தான் வட்ஸ்அப்பில் யாரும் கேட்கவில்லை. லினக்ஸின் கேர்சர் தீம் என்பது பூட்டிய பெட்டி அல்ல, அது ஒரு கோப்புறை. பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும் 'ஐகன்ஸ்' என்ற கோப்புறை மாணவரின் வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும். இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குள் தீமின் பெயரில் ஒரு கோப்புறை. அதற்குள் 'இண்டெக்ஸ்' என்ற சின்ன எழுத்துக் கோப்பும், 'கேர்சர்ஸ்' என்ற கோப்புறையும். அவ்வளவுதான் ஒரு தீம். கிம்ப் மென்பொருளில் 32 க்கு 32 புள்ளிச் சதுரத்தில், பின்னணி இல்லாமல் படத்தை வரைந்து, கேர்சர் கோப்பாகவே வெளியே எடுக்கலாம். அல்லது 'எக்ஸ்கேர்சர்ஜென்' என்ற சின்னக் கருவிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்: அளவு, பிறகு இரண்டு எண்கள், பிறகு படத்தின் பெயர்.

அந்த இரண்டு எண்களில்தான் பாடமே இருக்கிறது.

படம் 32 க்கு 32 என்றாலும் கிளிக் நடப்பது ஒரேயொரு புள்ளியில். அதை 'ஹொட்ஸ்பொட்' என்பார்கள், நாம் வகுப்பில் கிளிக் புள்ளி என்கிறோம். சாதாரண அம்பில் அது அம்பின் நுனி. மீனில்? மாணவர் இடப்பக்கம் பார்க்கும் மீனை வரைந்து, வாய்தான் குத்தும் இடம் என்று முடிவு செய்தார். ஆனால் எண்களை 0, 0 என்று விட்டுவிட்டார். மீனின் வாய் பட்டியலில் 'சேவ்' மேல் நிற்கிறது. கிளிக் செய்தால் அதற்கு மேலே உள்ள சொல் அழுந்துகிறது! பத்து நிமிடம் குழம்பினார்கள். மவுஸ் பழுது என்றான் ஒருவன், லினக்ஸ் பிழை என்றாள் ஒருத்தி. பிறகு ஒருவர் மீனின் வாய் சதுரத்தின் மேல் ஓரத்திலிருந்து 14 புள்ளி கீழே இருப்பதை எண்ணிக் கண்டுபிடித்தார். இடமிருந்து 2, மேலிருந்து 14.

அடுத்த பிழை இன்னும் நல்ல பிழை. வேறொரு மாணவி அதே மீனுக்கு 2, 18 என்று போட்டாள். காரணம் கேட்டால் கணித பாடத்தில் ஆள்கூற்றுத் தளத்தில் கீழிருந்துதானே மேலே எண்ணுவோம் என்றாள். அவள் சொல்வது சரி, 32 இலிருந்து 14 போனால் 18. ஆனால் கணினித் திரையில் எண்ணிக்கை மேல் இடது மூலையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் போகிறது. கிளிக் 4 புள்ளி கீழே தள்ளி விழுந்தது. ஆள்கூறு என்பது எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எத்தனை தவணை சொல்லியிருப்போம்? அன்றைக்கு ஒரு மீனின் வாய் சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்று. ஒரு முழுத் தீமில் பல டசின் படங்கள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிள்ளை வரைய முடியாது, தேவையுமில்லை. அந்த இண்டெக்ஸ் கோப்பில் 'இன்ஹெரிட்ஸ்' என்று ஒரு வரி எழுதலாம். என்னிடம் இல்லாததை இன்ன தீமிடம் கேட்டு வாங்கு என்பதே அதன் பொருள். அதனால் பிள்ளை ஒரேயொரு மீனை வரைந்தால் போதும். கையும் கோடும் சுழலும் வட்டமும் மற்றத் தீமிலிருந்து வந்துவிடும். இரண்டு பாடவேளையில், அதாவது 80 நிமிடத்தில், தொடங்கி முடிக்கக்கூடிய வேலை. க.பொ.த. உயர்தரத்தில் நிரலாக்கம் படிக்கும்போது மரபுரிமை என்ற எண்ணக்கருவில் தடுமாறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். தரம் 8 இல் ஒரு மீனுக்குக் கை கடன் வாங்கிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.

தீம் கோப்புறையைத் திறந்து பார்த்த பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சேர், இதென்ன பேர் இவ்வளவு நீளம், ஒண்டும் விளங்கல்ல?" சில கோப்புகளின் பெயர் எழுத்தும் எண்ணுமாக 32 குறிகள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. லினக்ஸ் பாவிக்கும் எக்ஸ் என்ற வரைகலை முறைமையில் முன்பு அம்புக்குறிக்கு இரண்டே நிறம். ஓரங்கள் கல்லுக் கல்லாக இருக்கும். கீத் பக்கார்ட் என்ற பொறியியலாளர் எழுதிய எக்ஸ்கேர்சர் என்ற நூலகம் 2003 பெப்ரவரியில் எக்ஸ்பிரீ86 4.3 உடன் வந்த பிறகே முழு நிறம், நிழல், அசையும் படம், மாற்றக்கூடிய தீம் எல்லாம் சாத்தியமாயின. ஆனால் பழைய மென்பொருள்கள் பெயர் சொல்லி அம்பைக் கேட்பதில்லை, தம் கையிலிருக்கும் இரண்டு நிறப் படத்தையே நீட்டும். அந்தப் படத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த அடையாள எண்தான் அந்த நீளப் பெயர். பழைய படத்தை நீட்டினால் அடையாளத்தைப் பார்த்துப் புதிய படத்தைக் கொடுக்கிறது. பழையவர்களைத் தொந்தரவு செய்யாமல் புதியதை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், எமது சங்கங்களிலும் யாராவது இப்படிச் செய்தால் நல்லது.

அம்பு ஏன் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதும் ஒரு பிள்ளையின் கேள்வி. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் மவுஸைப் பொது மேடையில் காட்டியபோது அம்பு நேராக மேலே பார்த்தது. பிறகு ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அதைச் சாய்த்தார்கள். அந்தக் காலத் திரைகளில் புள்ளிகள் குறைவு, ஒரு பக்கம் நேர்க்கோடும் மறுபக்கம் 45 பாகைக் கோடும் வரைவது சுலபம். திரைகள் எவ்வளவோ மாறிவிட்டன, சாய்வு மாறவில்லை. சதுரத் தாளில் இரண்டு விதமாகவும் வரைந்து பார்க்கச் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொண்டார்கள்.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறோம். அவற்றில் நியாயம் இல்லாமலில்லை.

ஒருவர் மாற்றினால் அடுத்த வகுப்புப் பிள்ளைக்கும் மீன் வருமே என்கிறார்கள். இப்போது வரும், உண்மைதான். காரணம் எல்லா வகுப்பும் ஒரே கணக்கில் உள்நுழைவது. லினக்ஸில் இந்த அமைப்புகள் எல்லாம் அந்தந்தக் கணக்கின் வீட்டுக் கோப்புறைக்குள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. வகுப்புக்கு ஒரு கணக்கு கொடுத்தால் தரம் 8 இன் மீன் தரம் 10 இன் திரைக்குப் போகாது. மாணவர் கணக்கிலிருந்து கணினியின் பொதுக் கோப்புறையில் எழுதவே முடியாது, அதற்கு நிருவாகியின் பாஸ்வேர்ட் வேண்டும். பிள்ளை எதையாவது குழப்பிவிட்டால் அந்த மறைந்த கோப்புறையை அழித்து, தீம் பக்கத்தில் பழையதைத் தெரிவு செய்தால் போதும். கணினி உடைந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

வைரஸ் வரும் என்பது அடுத்தது. இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கேர்சர் தீம் என்பது வெறும் படங்கள், அது தானாக எதையும் இயக்காது. ஆனால் 'தீம்' என்ற பெயரில் வேறு சாமான்களும் வருகின்றன. 2024 மார்ச்சில் கேடிஈயின் தீம் களஞ்சியத்திலிருந்து ஒருவர் நிறுவிய 'குளோபல் தீம்' அவருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. குளோபல் தீம்களுக்குள் இயங்கும் நிரல் இருக்கலாம் என்பதே காரணம், கேடிஈ குழுவினரும் அதன் பிறகு எச்சரிக்கை செய்தார்கள். அதனால் எமது வகுப்பு விதி இது: படங்கள் மட்டும் உள்ள கேர்சர் தொகுதி என்றால் சரி. "இந்த ஸ்கிரிப்டை நிருவாகி அனுமதியோடு ஓட விடுங்கள்" என்று கேட்கும் எதுவும் வேண்டாம். வீட்டில் விண்டோஸ் கணினி வைத்திருப்போர், இலவசக் கேர்சர் என்று வரும் நிறுவல் கோப்புகளைத் தொடவே வேண்டாம், அவற்றோடு விளம்பர மென்பொருளும் சேர்ந்து வருவது பழைய கதை.

மூன்றாவது, நேரம் வீணாகிறது என்பது. வருடம் முழுக்க மீன் வரைந்தால் வீண்தான். இரண்டு பாடவேளை என்று சொன்னோம், அதோடு முடிகிறது. அலங்காரத்திலேயே மூழ்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மினுங்கிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும் அசையும் கேர்சர்கள் எமக்கே பிடிக்காது. பக்கத்துப் பிள்ளையின் கவனத்தையும் இழுக்கும். செய்முறைப் பரீட்சை நாட்களில் அவற்றுக்குத் தடை விதிப்பதில் எமக்கு ஆட்சேபனை இல்லை. வரையறை வைப்பது வேறு, மொத்தமாகப் பூட்டுவது வேறு.

ஒரே மாதிரி இருந்தால்தான் ஒழுங்கு என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சீருடை ஒரே மாதிரித்தான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுப்போமா?

எமது பிள்ளைகளில் பலர் வீட்டில் கணினி இல்லாதவர்கள். கையிலிருப்பது உம்மாவின் போன். அதில் நிறுவனம் தந்ததைத்தான் பாவிக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. கிழமைக்கு இரண்டு பாடவேளை ஆய்வுகூடத்தில்தான் அவர்கள் திறந்து பார்க்கக்கூடிய ஓர் இயந்திரத்தின் முன் இருக்கிறார்கள். அதையும் போனைப் போல ஆக்கிவிட்டால், பாடநூலில் உள்ள விளக்கத்தை மனனம் செய்வதைத் தவிர அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?

கூட்டத்தில் நாம் முன்வைக்கப் போவது இவைதான். வகுப்புக்கு ஒரு கணக்கு, அதை அமைக்கும் வேலையை நாமே ஒரு விடுமுறை நாளில் செய்து தருகிறோம். ஆசிரியரின் கணினியில் அளவு 64, தடித்த கோடுள்ள கறுப்புத் தீம் நிரந்தரமாக. பிள்ளைகளின் கணினிகளில் தொடக்க அளவு 32, அதன் பிறகு அவரவர் விருப்பம். நிருவாகி பாஸ்வேர்ட் அதிபரிடமும் பொறுப்பாசிரியரிடமும் மட்டும். தரம் 8 க்கு இரண்டு பாடவேளை கேர்சர் வரையும் செயற்பாடு. தவணைத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் திரையில் அம்பைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு சின்னச் சோதனை. தாமதிக்கும் பிள்ளைகளின் பெயரைப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் குழுவிடம் கொடுப்போம்.

படம் அனுப்பிய வாப்பாவோடு எமக்குக் கோபமில்லை. அவர் கேட்டதால்தான் இவ்வளவையும் எழுத வாய்ப்புக் கிடைத்தது. வருகிற சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை ஆய்வுகூடம் பெற்றோருக்குத் திறந்திருக்கும், அதிபரின் அனுமதி எடுத்தாயிற்று. பிள்ளையையும் கூட்டி வாருங்கள், வாசிப்புக் கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். உங்கள் மடிக்கணினியில் அம்பு தெரிவதில்லை என்றால் அதுவும் வரட்டும், லினக்ஸோ விண்டோஸோ, பெரிதாக்கித் தருகிறோம். தரம் 8 பிள்ளைகள் நான்கு பேர் உதவிக்கு இருப்பார்கள்.